தடையின்மைக் கட்டத்தில் ஒரு டிக்

புதிதாகப் பணியில் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

போன மாதம் செங்கல்பட்டில் உங்களுக்கு நடந்த பயிற்சி வகுப்பில் ஆட்சிமொழி பற்றிப் பேச என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். ஓய்வு பெற்றவனை யாராவது இப்படிக் கூப்பிட்டால் மனசு குளிர்ந்துதான் போகிறது. சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு வந்து ஒரு மணி நேரம் பேசினேன். முடிக்கும்போது மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து கேட்டார்.

"சார், ஒரு நாட்டுக்கு இதுதான் ஆட்சிமொழின்னு சட்டத்துல எழுதியே ஆகணுமா? எழுதி வைக்காமலே எத்தனையோ நாடு ஓடிக்கிட்டுத்தானே இருக்கு?"

எனக்கு இது பழகிய கேள்வி. பதில் நாக்கு நுனியில் இருந்தது. "எழுதி வைக்கலைன்னா அது உரிமை இல்லம்மா, சலுகை. நல்ல மனசு உள்ள அதிகாரி இருக்கிற வரைக்கும் கிடைக்கும். அவருக்கு மாறுதல் வந்துட்டா அதுவும் மூட்டை கட்டிடும்" என்றேன். எல்லோரும் கை தட்டினீர்கள். அந்தப் பெண்ணும் தட்டினார். தேநீரும் மிக்சரும் கொடுத்து அனுப்பிவைத்தீர்கள்.

மின்சார ரயிலில் சன்னலோரம் உட்கார்ந்த பிறகு எனக்கு உடம்பெல்லாம் கூசியது. நான் சொன்னது பொய் இல்லை. ஆனால் அந்தக் கேள்விக்கு என்னிடம் இன்னொரு பாதி பதிலும் இருக்கிறது. அதைச் சொன்னால் கை தட்ட மாட்டீர்கள் என்பதால் விழுங்கிவிட்டேன். அதை எழுதுவதற்குத்தான் இந்தக் கடிதம். எந்த அலுவலகம், எந்த வருடம் என்றெல்லாம் கேட்காதீர்கள். ஆட்களின் பெயரையும் மாற்றியிருக்கிறேன். தப்பு செய்தவன் பெயரை மாற்ற வேண்டிய அவசியம் இல்லை. அது நான்தான்.

முதலில் நான் எப்படி இந்த வேலைக்குள் வெறியோடு இறங்கினேன் என்று சொல்லிவிடுகிறேன். நான் சேர்ந்த புதிதில் எங்கள் பிரிவிலிருந்து போகும் கடிதங்களில் பாதி ஆங்கிலத்தில்தான் போகும். ஒருநாள் செங்கல் சூளையில் வேலை செய்யும் ஒருவர் அப்படி ஒரு கடிதத்தைச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு வந்தார். கடிதம் வியர்வையில் ஊறி, மடிப்பில் கிழிந்திருந்தது. ஊரில் படித்துச் சொல்ல ஆள் கிடைக்காமல் நாலு நாள் சுமந்திருக்கிறார். அவரை விசாரணைக்கு வரச் சொன்ன கடிதம் அது. விசாரணை முந்தைய நாள் முடிந்துபோயிருந்தது. நான் என் கண்காணிப்பாளரிடம் போய், இதையெல்லாம் தமிழில் அனுப்பினால் என்ன என்று கேட்டேன். அவர் வெற்றிலைப் பாக்கை ஒதுக்கிக்கொண்டு சிரித்தார். "எல்லாருக்கும் புரியிற மாதிரி எழுதிட்டா, அப்புறம் நம்ம மேசையாண்ட எவன்யா வந்து நிப்பான்?"

அந்தச் சிரிப்பு எனக்கு ஆகவில்லை. இந்த ஆளைப் போல ஒருநாளும் ஆகிவிடக் கூடாது என்று முடிவு செய்தேன். சட்டம் என் பக்கம் இருந்தது. தமிழில்தான் கோப்பு, தமிழில்தான் கடிதம் என்று ஆணை இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் நான் அடித்த கூத்து கொஞ்சநஞ்சமல்ல. ஆங்கிலத்தில் சுருக்கொப்பம் போட்ட குறிப்பைத் திருப்பி அனுப்புவேன். ரப்பர் முத்திரையில் ஆங்கில எழுத்து இருந்தால் பிடுங்கி வைத்துக்கொள்வேன். அணுமின் நிலையத்தார் குடியிருக்கும் அணுபுரத்திலிருந்து ஒரு பெரிய படிப்பாளி, பிறப்புச் சான்றில் பெயர் திருத்த ஆங்கிலத்தில் மனு எழுதிக்கொண்டு வந்தார். தமிழில் எழுதித் தாருங்கள் என்று உட்காரவைத்துவிட்டேன். அந்த மனுஷன் விஞ்ஞானி. "பெறுநர்" என்ற சொல்லுக்கு எந்த 'ர' என்று மனைவிக்குப் போன் போட்டுக் கேட்டார். நாங்கள் உள்ளே உட்கார்ந்து சிரித்தோம். கிடைக்க வேண்டிய பாடம் அவருக்குக் கிடைத்தது என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

இதுவரைக்கும்கூடப் பரவாயில்லை. தமிழைக் கொண்டுவந்து உட்கார வைத்த பிறகு, எந்தத் தமிழ் என்ற கேள்வி வந்தது. அங்கேதான் எனக்குப் புத்தி கெட்டது.

ஆங்கிலத்தை விரட்டியாயிற்று. அடுத்து வடசொல்லை விரட்டக் கிளம்பினேன். யாரும் என்னைச் சொல்லவில்லை. சட்டத்திலும் அப்படி ஒரு வரி கிடையாது. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு படிவமாகக் களையெடுத்தேன். 'இல்லை' என்று எழுத வேண்டிய இடத்திலெல்லாம் 'இன்மை' என்று எழுதுவேன். நிலுவையின்மை, பதிவின்மை, இருப்பின்மை. அதில் ஒரு மிடுக்கு இருப்பதாக எனக்கு எண்ணம். அலுவலகத்தில் முதுகுக்குப் பின்னால் என்னை 'இன்மை சார்' என்றுதான் சொல்வார்கள். நான் விடுப்பு எடுத்தால், "இன்மை சார் இன்னிக்கு இன்மை" என்பார்களாம். அது காதில் விழுந்தபோது எனக்குக் கோபம் வரவில்லை, பெருமையாகத்தான் இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் அந்தக் கோப்பு வந்தது. செய்யூர்ப் பக்கம், சவுக்குத் தோப்புகளைத் தாண்டி ஒரு குடியிருப்பு. ஒரு தலைமுறைக்கு முன்பு வரை பிறத்தியார் வயலில் கூலி வேலை செய்த குடும்பங்கள். அங்கிருந்து தார்ச்சாலைக்கு வர ஒரு வண்டிப்பாதை இருந்தது, புறம்போக்கு. அதன் இரண்டு பக்க நிலத்தையும் ஒரு தங்கும் விடுதிக்காரர்கள் வாங்கிவிட்டார்கள். நடுவில் போகும் பாதையையும் எங்களுக்குக் கொடுங்கள், அதற்குப் பதிலாக வடக்கே வேறு பாதை விடுகிறோம் என்று விண்ணப்பித்திருந்தார்கள். வரைபடத்தில் அந்தப் புதுப் பாதை நேராக, அழகாக இருந்தது. அது ஏரிக்கால் ஓரம் தாழ்வான இடம் என்பதும், வருடத்தில் பாதி நாள் அங்கே சேறு என்பதும் வரைபடத்தில் இல்லை.

பழைய பாதையைப் பார்த்து வாசல் வைத்த வீடுகள் நான்கு. அந்த நான்கு வீட்டாரிடமும் கருத்துக் கேட்க வேண்டும். ஒரே ஒருவர் ஆட்சேபித்தால்கூட அதிகாரி நேரில் போய் இடத்தைப் பார்த்தாக வேண்டும். நேரில் பார்த்தால் சேறு கண்ணில் படும். யாரும் ஆட்சேபிக்கவில்லை என்றால் நேரில் போக வேண்டியதில்லை, ஆணை போட்டுவிடலாம். நடைமுறை அவ்வளவுதான்.

கருத்துக் கேட்கும் படிவம் முன்பே ஒன்று இருந்தது. 'ஆட்சேபணை உண்டு', 'ஆட்சேபணை இல்லை' என்று இரண்டு கட்டம். டீக்கடையில் நிற்கிறவருக்கும் புரியும். ஆனால் ஆட்சேபணை வடசொல் ஆயிற்றே! நான் சும்மா விடுவேனா? 'ஆட்சேபணை உண்டு' என்பதை 'மறுதலிப்பு' என்று மாற்றினேன். 'ஆட்சேபணை இல்லை' என்பதைத் 'தடையின்மை' என்று மாற்றினேன். தட்டச்சு செய்தது கஸ்தூரி. செங்கல்பட்டிலேயே பிறந்து வளர்ந்தவர், மனசில் பட்டதைச் சொல்லிவிடுவார்.

"இன்னா சார் இது, மறுதலிப்பு? எங்க வூட்டாண்ட ஒருத்தருக்கும் புரியாது சார். ஆட்சேபணைன்னே போட்டா இன்னா?"

"புரியாதவங்க புரிஞ்சிக்கட்டும். நாம எழுதினாத்தான் புழக்கத்துக்கு வரும்."

"புழக்கத்துக்கு வர்றதுக்குள்ள யாராவது மாட்டிக்கப் போறாங்க சார்" என்று சொல்லிவிட்டு அவர் தட்டினார். நான் அவரைக் கடிந்துகொண்டேன். உத்தரவை அடிக்கிறதோடு உன் வேலை முடிந்தது என்ற பொருளில் ஏதோ சொன்னேன். சொன்ன வார்த்தையை இங்கே எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது.

தலையாரி படிவங்களை நான்கு வீட்டிலும் கொடுத்துவிட்டு, இரண்டு நாள் கழித்து வாங்கி வந்தார். அவை என் மேசைக்கு வந்தது ஒரு புதன்கிழமை மத்தியானம். மறுநாள் காலை ஆட்சிமொழி ஆய்வுக்கு மேலிடத்திலிருந்து குழு வருகிறது. நன்றாகத் தமிழைப் பயன்படுத்தும் அலுவலகத்துக்குக் கேடயம் உண்டு. எங்களுக்குத்தான் கிடைக்கும் என்று பேச்சு இருந்தது. என் புதுப் படிவங்களையெல்லாம் ஒரு கோப்பில் தைத்து, ஊதா ரிப்பன் கட்டி வைத்திருந்தேன்.

நான்கு படிவத்திலும் 'தடையின்மை'க் கட்டத்தில் டிக். முதல் மூன்று வீட்டாருக்கும் பின்பக்கம் வேறு தெருவில் வாசல் இருந்தது, அவர்களுக்குக் கவலையில்லை. நான்காவது படிவம் எஸ்தர் என்ற பெண்ணுடையது. டிக் அடித்திருந்தார், கையெழுத்தும் போட்டிருந்தார். கீழே 'காரணம்' என்று நான் விட்டிருந்த இரண்டு வரி இடத்தில், பெரிய பெரிய எழுத்தில் இப்படி எழுதியிருந்தார்:

"எங்க வூட்டுக்காரர வாரத்துக்கு ரெண்டு தபா ஆட்டோல ஆஸ்பத்திரி இட்டுனு போனும். வழிய மூடாதிங்க. மூடுனா நாங்க எப்டி போறது."

அதைப் படித்த மாத்திரத்தில் எனக்குப் புரிந்துவிட்டது. இதில் ஒரு சந்தேகமும் இல்லை, அதனால்தான் இதை உங்களுக்கு எழுதுகிறேன். கவனிக்காமல் விட்டேன் என்று சொல்ல எனக்கு வழியே இல்லை. அந்தப் பெண் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். என் படிவம் அதைச் சரி என்று மாற்றிவிட்டது. டிக் ஒன்று சொல்கிறது, அவர் கை வேறு சொல்கிறது.

செய்ய வேண்டியது என்ன என்று உங்களில் நேற்றுச் சேர்ந்தவருக்கும் தெரியும். தலையாரிக்கு ஒரு போன் போட்டால் போதும். இல்லை, 'நான்காவது படிவம் தெளிவில்லை, நேரில் விசாரிக்கலாம்' என்று கோப்பில் ஒரு வரி எழுதினால் போதும். ஆனால் ஏன் தெளிவில்லை என்று அதிகாரி கேட்பார். படிவம் புரியவில்லையாம் என்று சொல்ல வேண்டி வரும். யார் தயாரித்த படிவம் என்பார். நாளைக்குக் காலையில் ஊதா ரிப்பன் கட்டிக் குழுவிடம் நீட்டப்போகும் அதே படிவம். கால் மணி நேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கஸ்தூரி இரண்டு முறை திரும்பிப் பார்த்தார். நான் தாளைக் கவிழ்த்து வைத்தேன்.

அந்தக் கால் மணி நேரத்தில் மனசு எனக்கு எத்தனை நியாயம் எடுத்துக் கொடுத்தது தெரியுமா? சட்டப்படி செல்லுவது கட்டத்தில் இருக்கும் குறிதான், கீழே இருப்பது விளக்கம் மட்டுமே என்றது. அது எழுத்துத் தமிழில் இல்லை, பேச்சு வழக்கு, அதை வைத்து எப்படி முடிவெடுப்பது என்றது. புதுப் பாதைதான் விடுகிறார்களே என்றது. கடைசியில் அறிக்கையின் சுருக்கத்தில் நான் எழுதிய வரி இது: 'நான்கு வீட்டாரும் தடையின்மை தெரிவித்துள்ளனர். மறுதலிப்பு ஏதும் பெறப்படவில்லை.' அதிகாரி சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுவார் என்று எனக்குத் தெரியும். போட்டார்.

மறுநாள் குழு வந்தது. படிவங்களைப் புரட்டிப் பார்த்து மெச்சியது. கேடயமும் வந்தது. என்னை நடுவில் நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள். அந்தப் படத்தைப் பல வருடம் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருந்தேன்.

கம்பி வேலி போட்ட மூன்றாம் நாள் எஸ்தர் அலுவலகத்துக்கு வந்தார். மாமல்லபுரத்தில் ஓர் ஓட்டலில் அறை சுத்தம் செய்யும் வேலை அவருக்கு. அந்த நீலச் சீருடைப் புடவையோடே, அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு, இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். வயது நாற்பது இருக்கும். யாரோ என் மேசையைக் கை காட்டிவிட்டார்கள். உட்காரச் சொன்னேன். அவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"சார், எங்க வழில வேலி போட்டுக்கீறாங்க. ஆட்டோ உள்ள வரமாட்டேங்குது. எங்க வூட்டுக்காரரு சாமுவேலு, ரெண்டு கிட்னியும் போச்சு சார். வாரத்துக்கு ரெண்டு வாட்டி இங்க இட்டாந்து ரத்தம் சுத்தம் பண்ணினு போறேன். நேத்து சேத்துல நடக்க முடியாம பாதி வழில குந்திட்டாரு."

"நீங்க சம்மதம்னுதானேம்மா கையெழுத்துப் போட்டிருக்கீங்க?"

"சம்மதமா? நானா? இன்னா சார் சொல்றீங்க! தடைன்னுதானே டிக் போட்டேன்."

"தடையின்மைன்னு இருக்கும்மா. தடை இல்லைன்னு அர்த்தம்."

அவர் நிதானமாக, தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோலச் சொன்னார். "மீன்புடி தடைன்னா போட்டு போவாது. பிளாஸ்டிக் தடைன்னா கடைல குடுக்க மாட்டாங்க. தடைன்னா தடுக்கறதுதானே சார்? அதான் தடை கீற கட்டத்துல போட்டேன். ரெண்டு கட்டம் இருந்துச்சு. அதுக்கு மேல இருந்தது மறுதலிப்பு. அது எனக்குத் தெரியும் சார், எங்க கோயில்ல பாஸ்டர் சொல்ற வார்த்தை. ஆண்டவரையே தெரியாதுன்னு சொல்றதுக்குப் பேரு மறுதலிக்கறது. அது பாவம். நம்ம வூட்டு வழிக்காக அதுல போயி எப்படி டிக் போடுவேன்?"

இந்த இடத்தில் நான் எழுந்து நின்றிருக்க வேண்டும். கோப்பை எடுத்துக்கொண்டு அவரையும் அழைத்துக்கொண்டு அதிகாரி அறைக்குப் போயிருக்க வேண்டும். என் வாயிலிருந்து வந்தது வேறு.

"தமிழ்லதானேம்மா கொடுத்திருக்கோம்? இங்கிலீஷ்லயா கொடுத்தோம்? உங்க மொழியிலதானே இருந்தது? ரெண்டு தடவை படிச்சுப் பார்க்க வேண்டியதுதானே?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு, "கீழ எழுதியும் குடுத்தேனே சார், ஆட்டோ வரணும்னு. யாரும் படிக்கலியா?" என்று கேட்டார்.

நான் படித்திருந்தேன். ஆனால் அதற்குப் பதில் சொல்லாமல், மேல்முறையீடு செய்யலாம், முப்பது நாள் அவகாசம் இருக்கிறது என்று சொன்னேன். எங்கே போக வேண்டும், என்ன எழுத வேண்டும் என்று ஒரு தாளில் குறித்துக் கொடுத்தேன். அவர் இரண்டு கையாலும் அதை வாங்கிக்கொண்டார். ஏதோ பெரிய உதவி செய்துவிட்ட மாதிரி எனக்கும் அன்றைக்குச் சாயங்காலம் சாப்பாடு இறங்கியது.

அடுத்து வந்த சனிக்கிழமை எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனேன். தார்ச்சாலையில் ஓர் ஆட்டோ நின்றுகொண்டிருந்தது. ஏரிக்கால் வரப்பில் நாலு பேர் ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அதில் ஒரு மனிதர் லுங்கியைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எஸ்தர் பின்னால் ஒரு பையும் தண்ணீர் பாட்டிலுமாக வந்தார். "மெதுவா மச்சான், வழுக்குது" என்று முன்னால் போனவர் கத்தினார். நாற்காலியில் இருந்தவர், "கல்யாண ஊர்வலம் மாதிரி கீதுடா" என்று சொல்லிச் சிரித்தார். தூக்கி வந்தவர்கள் சிரிக்கவில்லை. நான் ஹெல்மெட்டைக் கழற்றாமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

மேல்முறையீடு எங்கள் அலுவலகத்துக்கே கருத்துக்கு வந்தது. அதிகாரி என்னைக் கூப்பிட்டார். நல்ல மனிதர், கேட்டால் கேட்டுக்கொள்வார். "அந்த அம்மா ஒப்புக்கிட்டுத்தானே கையெழுத்துப் போட்டாங்க?" என்று என் முகத்தைப் பார்த்துக் கேட்டார். கோப்பு என் கையில் இருந்தது. நாலாவது படிவம் எத்தனையாவது பக்கத்தில் இருக்கிறது என்று எனக்கு மனப்பாடம். புரட்டிக் காட்ட ஒரு நிமிடம் ஆகாது.

"அவங்க கையெழுத்துதான் சார்" என்றேன்.

கவனியுங்கள், இதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. நம் வேலையில் இப்படிப் பொய் இல்லாமல் பொய் சொல்லப் பழகிவிடுவோம். அதிகாரி தலையை ஆட்டிவிட்டுக் கோப்பை என்னிடமே தந்தார். மேல்முறையீடு தள்ளுபடியானது. தள்ளுபடி ஆணைக்குத் தமிழ் வரைவு எழுதியதும் நானேதான். ஒரு வடசொல் இல்லாமல் எழுதினேன்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன், தங்கையே. சட்டம் வேண்டுமா என்றால் வேண்டும். இப்போதும் அதைத்தான் சொல்வேன். அதை யாரும் மதிக்காத காலத்தில் வியர்வையில் ஊறிய கடிதத்தோடு வந்தவரை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் சட்டம் மொழியின் பெயரை எழுதிவிட்டு நின்றுவிடும். அந்த மொழியில் எந்தச் சொல் என்பதை மேசையில் உட்கார்ந்திருக்கிற ஆள்தான் எழுதுகிறான். அந்த ஆள் நான். இனி நீங்கள். சட்டம் கொடுத்த தைரியத்தில்தான் நான் அந்தப் பெண்ணைப் பார்த்து 'உங்க மொழியிலதானே இருந்தது' என்று கேட்டேன். ஆங்கிலப் படிவமாக இருந்திருந்தால் எனக்கு அந்த வாய் வந்திருக்காது. புரியவில்லை என்று சொல்கிற உரிமையாவது அவருக்கு மிஞ்சியிருக்கும். அதையும் நான் பிடுங்கிவிட்டேன்.

ஒரு படிவம் தயாரித்தால் அச்சுக்கு அனுப்பும் முன் வாசலில் காத்திருக்கும் யாராவது ஒருவரிடம் காட்டிவிடுங்கள். என்ன புரிந்தது என்று அவர் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். கட்டத்தில் ஒன்றும் கீழே ஒன்றுமாக இருந்தால், ஆள் தன் கையால் எழுதியதை நம்புங்கள். பக்கத்து மேசையில் ஒரு கஸ்தூரி இருந்தால் அவர் வாயை அடைக்காதீர்கள். இதற்கு மேல் புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

இப்போதாவது ஏதாவது செய்தாயா என்று கேட்பீர்கள். போன வாரம் ஒரு மனு அனுப்பியிருக்கிறேன். படிவத்தில் இருந்த குழப்பத்தையும், அது எனக்கு அன்றைக்கே தெரியும் என்பதையும், தெரிந்தே சுருக்கத்தில் மறைத்தேன் என்பதையும் எழுதி, முழுப் பெயரோடு கையெழுத்துப் போட்டிருக்கிறேன். சாமுவேல் இன்னும் இருக்கிறார், வாரத்துக்கு இரண்டு நாள் இன்னும் ஆஸ்பத்திரிக்கு வந்துகொண்டிருக்கிறார் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். வேலியும் இருக்கிறது. அந்த மனு உங்களில் யாராவது ஒருவர் மேசைக்குத்தான் வரும். எனக்காகப் பார்த்து எதையும் பூசி மெழுக வேண்டாம். நாலாவது படிவத்தைப் புரட்டி, கீழே அவர் தன் கையால் எழுதியதைப் படியுங்கள்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. அதைச் சொல்லாமல் முடித்தால் மறுபடியும் பாதிதான் சொன்னவன் ஆவேன்.

தள்ளுபடி ஆணையை வாங்க எஸ்தர் மறுபடியும் வந்தார். அதே நீலப் புடவை. ஆணையைப் பிரித்து, உதட்டை அசைத்து அசைத்து இரண்டு வரி படித்தார். அதற்கு மேல் ஓடவில்லை. மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். என்மேல் கோபப்படுவார் என்று எதிர்பார்த்து, சொல்ல வேண்டிய பதில்களைத் தயாராக வைத்திருந்தேன். அவர் கோபப்படவே இல்லை.

"எம்மேலதான் சார் தப்பு" என்றார். "ஓட்டல்ல வெள்ளைக்காரங்க வந்தா டவலு, வாட்டரு, செக்கவுட்டுன்னு பேசி சமாளிச்சிக்கிறேன். கூட வேலை செய்ற வடக்கத்திப் பசங்களாண்ட இந்தி கூட ரெண்டு வார்த்தை பேசறேன். இந்தத் தமிழுதான் சார் எனக்குத் தெரில. எங்க வூட்டுக்காரருகிட்டயும் சொல்லிட்டேன், என்னாலதான் உனுக்கு இந்தக் கஷ்டம்னு. உங்களுக்கும் வீணா வேலை வெச்சிட்டேன். மன்னிச்சிக்கங்க சார்."

கும்பிட்டபடி நின்றார். நீங்கள் எழுதியது சரிம்மா, தப்பு என்னுடையது என்று சொல்ல அந்த ஒரு நொடி போதும். பக்கத்தில் கஸ்தூரிகூட இல்லை. கேட்பதற்கு ஒருவரும் இல்லை.

"பரவாயில்லம்மா" என்றேன்.